அந்தக் கதவு இந்த வண்டிக்குச் சேருமா?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் பானட் திறப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் மேலே எழும்பும். ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டு, முகப்பு விளக்குகள், கிரில் எல்லாம் ஒரே துண்டாக, முதலை வாயைப் பிளப்பதுபோல் முன்பக்கம் சாயும். எஞ்சினும் முன்சக்கரங்களும் ஸ்டீரிங் தண்டும் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கீல்களின் போல்ட்டுகளையும் விளக்குகளுக்குப் போகும் ஒயர்களையும் கழற்றிவிட்டால், இரண்டு பேர் அந்த முகத்தை அப்படியே தூக்கிப்போய்ச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம்.

சரி, கழற்றிய இடத்தில் வேறு முகத்தை மாட்ட முடியுமா? இன்னொரு ஹெரால்டின் முகம், அதன் பெரியண்ணனான டிரையம்ஃப் வைட்டெஸின் முகம், விளையாட்டுத் தம்பியான ஸ்பிட்ஃபயரின் முகம் என்று மூன்றைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தால் விடை மூன்று விதமாக வரும். முதலாவது சேரும். இரண்டாவது சேரும், ஆனால் வண்டி வேறு ஆளாகிவிடும். மூன்றாவது சேரவே சேராது. மூன்றும் ஒரே கம்பெனியின் சரக்கு. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேசிஸிலிருந்து பிறந்ததுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பழைய காரைப் புதுப்பிக்க இறங்கும் எவருக்கும் பெட்ரோல், பெயிண்ட் செலவுக்கு முன்பே வந்து நிற்கும் கேள்வி இது.

விடை கவென்ட்ரி நகரத்தில், ஒரு வியாபாரச் சிக்கலில் தொடங்குகிறது. 1953-ல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. கார்களுக்கான உடலைத் தகட்டில் அழுத்தி உருவாக்கிக் கொடுக்கும் நிறுவனம் அது. அதன் வாடிக்கையாளர்களில் போட்டிக் கம்பெனியான ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபும் உண்டு. பங்காளி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நிலைமை. கயிறு என்றைக்கு அறுபடும் என்று காத்திருக்க முடியாது. புதிதாகத் திட்டமிட்ட சிறிய காருக்கு உடல் எங்கிருந்து வரும்?

அந்தக் காலத்தில் புது மோஸ்தர், மோனோகாக் எனப்படும் ஒற்றைக் கூடு. தனிச் சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்து வெல்டு செய்யப்பட்டு, கூடே எலும்புக்கூடாகவும் இருக்கும். அதைச் செய்ய ஒரே கூரையின் கீழ் பெரிய அழுத்து எந்திரங்கள் வேண்டும். ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபின் கைக்கு எட்டியவையோ சிதறிக் கிடந்த சிறிய ஆலைகள். தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு காலத்தில் ஒரு படி பின்னால் இறங்கியது. பழைய பாணியில் தனிச் சேசிஸ் போட்டார்கள். உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் அடித்து, கவென்ட்ரியில் கொண்டுவந்து போல்ட் போட்டு இணைத்தார்கள். வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 1971 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

கையறு நிலையில் எடுத்த முடிவுக்கு எதிர்பாராத பலன்களும் கிடைத்தன. கூரையின் போல்ட்டுகளைக் கழற்றினால் திறந்த கார். பின்பாதியை மாற்றினால் எஸ்டேட், இன்னும் கொஞ்சம் மாற்றினால் வேன். பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றி, தூரதேசத்தில் பொருத்துவதும் சுலபம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர் வட்டாரத்தில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், 1961 முதல் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ என்ற பெயரில் இந்தக் காரைத் தயாரித்தது. மதராஸ் வீதிகளில் அது டாக்டர்கள், வக்கீல்களின் வண்டி.

இனி அறிவியலுக்கு வருவோம். ஒரு கதவு ஒரு வண்டிக்குச் ‘சேரும்’ என்றால் என்ன பொருள்?

வெளியில் மிதக்கும் எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை அசைவுகள் உண்டு: மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என மூன்று நகர்வுகள், அந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்ட மூன்று சுழற்சிகள். காரின் கதவில் இரண்டு கீல்களும் சேர்ந்து ஐந்து அசைவுகளைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது திறந்து மூடும் ஒரே சுழற்சி. பூட்டு விழும்போது அதுவும் போய்விடுகிறது. ஆக, எந்திரவியலின் கண்ணில் கதவு என்பது இரண்டு கீல்களும் ஒரு பூட்டும்தான். மேலே போர்த்திய தகடு வெறும் சட்டை. கீலும் பூட்டும் ஒரே இடத்தில் இருந்தால், முகம் வேறாக இருந்தாலும் கதவு தொங்கும். அவை அரை அங்குலம் தள்ளியிருந்தால், இரட்டைப் பிள்ளைபோல் தோற்றம் இருந்தும் பயனில்லை.

அதனால்தான் அனுபவமுள்ளவர் பழைய சாமான் கடையில் ஒரு கதவை எடுத்ததும் முதல் வேலையாக அதைத் திருப்புகிறார். முகத்தைப் பார்ப்பவர் ஏமாறுவார். முதுகைப் பார்ப்பவருக்கு விஷயம் தெரியும். கீல் துளைகளின் இடைவெளி, பூட்டின் உயரம், கண்ணாடி ஓடும் காடியின் வளைவு, ஓரத்து ரப்பர் உட்காரும் விளிம்பு. இந்த நான்கும் ஒத்துப்போனால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

முதுகு ஏன் மாறாமல் இருக்கிறது? காரணம் காசு. கதவு, கூரை போன்ற பெரிய தகடுகளை அழுத்தும் அச்சுகள் டன் கணக்கில் எடையுள்ள வார்ப்புகள். ஒரு ஜோடி செய்யவே ஏகப்பட்ட பணமும் மாதக்கணக்கில் நேரமும் ஆகும். எனவே கார் கம்பெனி ‘புத்தம் புதிய மாடல்’ என்று விளம்பரம் செய்யும்போது, வாங்குபவர் முதலில் பார்க்கும் இடத்தில்தான் கை வைக்கும். கிரில் மாறும், விளக்கு மாறும், வால்பகுதி மாறும். கதவும் கூரையும் கண்ணாடிச் சட்டமும் பழைய அச்சிலேயே ஓடும்.

ஹெரால்டு குடும்பம் இதற்கு நல்ல சாட்சி. 1962-ல் அதே உடலில் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து வைட்டெஸ் வந்தது. முகத்தில் சாய்வாக நான்கு விளக்குகள், கதவு பழையதே. 1967-ல் ஹெரால்டு 13/60 வந்தபோது அந்த வைட்டெஸ் முகத்தையே எடுத்துப் பக்கத்துக்கு ஒரு விளக்காகக் குறைத்துக்கொண்டார்கள். முகங்கள் வேறானாலும் அவை தொங்கும் முன்சட்டமும் சாயும் பின்சுவரும் ஒன்றே. ஆகவேதான் வைட்டெஸின் பானட் ஹெரால்டில் உட்காருகிறது. அப்படி மாற்றிய வண்டியை வைட்டெஸ் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அவர்களை மாட்டிவிடுவது, ஆலை ஒவ்வொரு வண்டிக்கும் கொடுத்த ‘கமிஷன் எண்’ பொறித்த தகடு: ஹெரால்டு 1200 என்றால் எண் ஜிஏ என்று தொடங்கும், 13/60 என்றால் ஜிஇ, முதல் வைட்டெஸ் என்றால் எச்பி.

இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத்தில் பாண்ட் என்ற சிறிய கம்பெனி இதைவிடச் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1963-ல் அவர்கள் வெளியிட்ட எக்விப் ஜிடி, கண்ணாடியிழை உடல் கொண்ட கார். கண்ணாடியிழையில் எந்த வளைவையும் வார்க்கலாம், பெரிய அழுத்து எந்திரம் தேவையில்லை. இருந்தும் கதவுகளையும் முன்கண்ணாடியையும் மட்டும் ஹெரால்டிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சரியாக மூடும் கதவைச் செய்வதுதான் கார் உடலிலேயே கடினமான வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கதவு துருவேறிய எக்விப் வைத்திருப்பவர், பாண்ட் கதவைத் தேடி அலையாமல் ஹெரால்டு கதவைத் தேடினால் போதும்.

ஸ்பிட்ஃபயர் கதை வேறு. ஹெரால்டின் சேசிஸை எடுத்து நீளத்தைக் குறைத்தார்கள். சக்கர இடைவெளி 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாயிற்று. அதோடு நிற்கவில்லை. ஹெரால்டு சேசிஸில் பக்கவாட்டில் ஓடும் சட்டங்களை அகற்றி, நடு முதுகெலும்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டங்கள் சுமந்த பாரத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ தகடு ஏற்றுக்கொண்டது. ஹெரால்டில் அதே தகடு போல்ட் போட்ட மூடி. கழற்றினாலும் வண்டி அசையாது. ஸ்பிட்ஃபயரில் அது வெல்டு செய்த எலும்பு. ஹெரால்டில் பழகிய கையோடு ஸ்பிட்ஃபயருக்குப் போய், கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் சில் தகட்டை வெட்டி எடுத்தவர்களுக்கு உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவைக் கொண்டுவந்தாலும் மூடாது. பொருந்தாததற்குக் காரணம் கதவு அல்ல, வாசல்.

ஒரே மாதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தும் என்பதைக் கார் உலகம் எப்போது நம்பத் தொடங்கியது? எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் நடந்தது. மூன்று காடிலாக் கார்களை ராயல் ஆட்டமொபைல் கிளப்பின் பார்வையில் முழுசாகப் பிரித்தார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றில் 89 பாகங்களை எடுத்துவிட்டு, இருப்பிலிருந்த புதிய பாகங்களை வைத்தார்கள். சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டு மூன்று கார்களையும் மறுபடி பூட்டி, 500 மைல் ஓட்டினார்கள். அந்த வெற்றிக்கு டூவர் கோப்பை கிடைத்தது.

நல்ல கதை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பழைய கார்க் கதவை வாங்கப் போனால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். காடிலாக் சாதனையின் உயிர் கடைந்து எடுத்த உலோகத்தில் இருக்கிறது. பிஸ்டனையும் தண்டையும் கடைசல் எந்திரம் வெட்டுகிறது. வெட்டிய உலோகம் வெட்டிய அளவிலேயே நிற்கும். தகடு அப்படியல்ல. அதை வளைக்கிறோம், வளைத்த தகடு விட்டதும் கொஞ்சம் திரும்பும்.

இதற்கு மீள்துள்ளல் என்று பெயர் வைக்கலாம். கார் உடலில் போடும் மென்னெஃகுத் தகடு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைந்த தடிமன். அச்சு அதை அழுத்தும்போது பெரும்பகுதி நிரந்தரமாக வளைகிறது. ஆனால் எஃகுக்குள் ஒரு சிறு பகுதி வில்லைப்போல் வளைந்து நிற்கிறது. நீளத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அச்சு திறந்த கணத்தில் அது நிமிர்கிறது. ஆயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றலாம். வளைந்த விளிம்பில் அந்தச் சிறு நிமிர்வு கோணமாக மாறி, அகலமான தகட்டின் மறுமுனையில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியாகிவிடும். அச்சு செய்பவர்கள் இதை அறிந்து முன்கூட்டியே கூடுதலாக வளைத்துவைப்பார்கள். ஆனால் அடுத்த லாரியில் வந்த எஃகு கொஞ்சம் கடினமாக இருந்தால் கணக்குத் தப்பும். ஆண்டுகள் போனால் அச்சும் தேயும்.

அந்தக் காலத் தொழிற்சாலைகள் இந்த வித்தியாசத்தை எப்படிச் சமாளித்தன? மனிதக் கைகளால். கதவு இறங்கியிருந்தால் கட்டையைக் கொடுத்து நெம்பினார்கள். இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கிப் பூசி, தேய்த்து, பெயிண்டுக்கடியில் மறைத்தார்கள். போல்ட் துளைகளை நீளமாக வைத்து, தகட்டை இப்படி அப்படி நகர்த்த இடம் விட்டார்கள். சுருங்கச் சொன்னால், ஒரே வரிசையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஹெரால்டுகள்கூட அண்ணன் தம்பிதான், இரட்டையர் அல்ல. வெவ்வேறு ஆலைகளில் அடித்த துண்டுகள் கவென்ட்ரியில் சந்தித்ததால், ஆரம்ப வண்டிகளில் மழைநீர் கசிகிறது என்ற புகார்களும் எழுந்தன.

கை வைத்தியத்தின் உச்சம் மாரிஸ் மைனர். 1948-ல் உற்பத்திக்குப் போகும் தறுவாயில், கார் ஒல்லியாகத் தெரிகிறது என்று வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நடுவில் நெடுக அறுத்து, இரண்டு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியதும் சரியென்று பட்டது. பானட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், அவற்றை நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள். ஆரம்ப கால மைனர் பம்பரில் தெரியும் ஒட்டை விபத்தின் தழும்பு என்று நினைத்துச் ‘சரிசெய்பவர்’, வண்டியின் பிறவி மச்சத்தை அழிக்கிறார்.

எந்திரமும் அளவுக்கருவியும் முன்னேறிய பிறகு எவ்வளவு மாறியது என்று பார்க்க, 1995-க்குத் தாவலாம். ஃபோக்ஸ்வாகன் ‘ஹார்லெக்கின்’ என்ற போலோ காரை வெளியிட்டது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என நான்கு நிறங்களில் முழுக் கார்களைச் செய்து, பிறகு கதவு, பானட், மட்கார்டுகளைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினார்கள். கோமாளிச் சட்டை போட்ட கார். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்காக 264 கோல்ஃப் கார்களும் இப்படியே வந்தன. விளையாட்டுதான், ஆனால் ஒரு கதவைக்கூட நெம்பாமல் இதைச் செய்ய முடிகிறது என்பதே அந்தத் தொழிற்சாலையின் மார்தட்டல். ஹெரால்டில் இதே விளையாட்டை ஆடலாம், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நாள் ஒதுக்கினால்.

அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் தேர்ந்த கையும் அவசரக் கையும் பிரிகின்றன. அவசரக்காரர் புதிய தகடு வந்ததும் பெயிண்ட் அடிக்கிறார். தேர்ந்தவர் முதலில் வண்டிக்கு அடியில் படுக்கிறார். ஹெரால்டின் உடல், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய துண்டுகளைச் செருகி மட்டம் பார்ப்பார்கள். கடற்காற்று படும் ஊர்களில் அந்தக் கைகள் சீக்கிரமே துருவில் கரையும். கை தொய்ந்தால் உடல் தொய்யும், கதவின் மேல்சந்து ஒருபக்கம் நெருங்கி மறுபக்கம் விரியும். கதவைக் குறை சொல்லி அதன் விளிம்பை அரத்தால் தேய்ப்பவர் நல்ல தகட்டைக் கெடுத்துக்கொள்கிறார்.

அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கதவு வாசலின் மூலைக்கு மூலை நூல் பிடித்து, இடப்பக்க அளவை வலப்பக்கத்தோடு ஒப்பிட்டாலே பாதி உண்மை வந்துவிடும். வண்டி தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி நிறுத்தி மாட்டிய கதவு, இறக்கியதும் வேறு கதை சொல்லும். வரிசையும் முக்கியம்: அசையாத பின்பகுதியிலிருந்து தொடங்கி, அதற்குக் கதவைச் சேர்த்து, கதவுக்குப் பானட்டைச் சேர்க்க வேண்டும். தலைகீழாகத் தொடங்கினால் பிழை முழுவதும் கடைசிச் சந்தில் வந்து குவியும்.

முழுக் கதவு கிடைக்காவிட்டால் தோலை மட்டும் மாற்றலாம். கதவின் வெளித்தகடு உள்சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மடித்து அழுத்தப்பட்டிருக்கும், பாவாடை ஓரம் மடித்துத் தைப்பதுபோல. மடிப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுத் தோலைப் போர்த்தலாம். கீலும் பூட்டும் உள்சட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே பழைய முதுகு, புது முகம். புதுத் தோலும் கிடைக்காத இடத்தில் டிங்கரின் சுத்தியல் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. அடிக்க அடிக்க எஃகு இறுகும். ஒரு கட்டத்துக்கு மேல் வளைய மறுத்து வெடிக்கும். சூடுகாட்டி இளக்கி, மறுபடி அடித்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று விரல்நுனியால் அறிகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பிரிட்டனில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி பிறந்தது. எம்ஜிபி காரின் மூல அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு உடலையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. அச்சு பிழைத்தால் காரும் பிழைக்கும். நம் நாட்டில் அச்சுகளின் கதை வேறு மாதிரி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை, வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடராக மறுபிறவி எடுத்து 2014 வரை ஓடியது. பிறந்த ஊரில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நின்றுபோன உடல், இங்கே டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றது.

மதராஸ் ஹெரால்டு இன்னும் விசித்திரமான பாதையில் போனது. இரண்டு கதவு வண்டியில் பின்சீட்டுக்கு ஏறி இறங்குவது இந்தியக் குடும்பங்களுக்குத் தொல்லை. பெரியவர்களை முன்சீட்டை மடக்கி உள்ளே அனுப்ப முடியுமா? 1960-களின் பிற்பகுதியில் வண்டலூர் ஆலை நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று தயாரிக்கப்பட்டதே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அதன் வாரிசாக ஸ்டாண்டர்ட் கெஸல் வந்து, 1977-ல் நின்றது.

புதுப்பிப்பவருக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது. ஆரம்ப கால இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருப்பவருக்கு பிரிட்டனில் புதுத் தகடு உண்டு, பழைய தகடு உண்டு, வைட்டெஸ் உண்டு, ஆசையிருந்தால் 13/60-ன் முகமும் உண்டு. நான்கு கதவு வண்டிக்காரருக்குக் கதவு விஷயத்தில் உலகம் இங்கேயே முடிந்துவிடுகிறது. முன்கதவு பிரிட்டிஷ் கதவைவிடக் குட்டை. பின்கதவுக்கு அங்கே ஒப்புமையே இல்லை. சென்னைப் புதுப்பேட்டையின் குவியல்களில் தட்டுப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு கெஸலின் பின்கதவு இன்னொரு மதராஸ் நான்கு கதவு வண்டியிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டுக் கொல்லையிலாவது, முருங்கை மரத்தடியில் தாத்தாவின் கெஸல் மக்கிக் கொண்டிருந்தால், அதை எடைக்குப் போடுமுன் நான்கு கதவுகளையும் கீலோடு கழற்றி, மழை படாத இடத்தில் நிறுத்திவையுங்கள். தோல் ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.